எலெக்ட்ரிக் கார் கன்வர்ஷனுக்கு சொந்தமா மோட்டார் கன்ட்ரோலர் செய்யுறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல் இன்ஜினை எறக்கிட்டு மோட்டார் வெக்கிறவங்க எல்லாரும் ஒரு கட்டத்துல, கன்ட்ரோலரையும் நாமே செஞ்சா என்னன்னு யோசிப்பாங்க. அப்ப வர்ற சந்தேகம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கு, என்கிட்ட திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை கேட்டவங்க வார்த்தையிலயே இங்க போட்டிருக்கேன். கணக்கு சொல்ற எல்லா எடத்துலயும் 144 வோல்ட் பேட்டரி, 400 ஆம்ப் மோட்டார் கரன்ட், பிரஷ் வெச்ச சீரிஸ் டிசி மோட்டார் (காந்தச் சுருளும் சுத்துற சுருளும் ஒரே வரிசைல இருக்குறது)னு எடுத்துக்கோங்க.

மோட்டார் கன்ட்ரோலர் எதுக்கு, பேட்டரியை நேரா மோட்டார்ல குடுத்தா ஓடாதா?

ஓடும், ஆனா எப்படி ஓடும்னு பாருங்க. நிக்கிற மோட்டாரோட சுருள் ரெசிஸ்டன்ஸ் வெறும் மில்லி ஓம் கணக்குலதான் இருக்கும், அதுல 144 வோல்ட்டை நேரா போட்டா ஆயிரக்கணக்குல ஆம்ப் பாயும். வண்டி எகிறும், இல்லன்னா கியர்பாக்ஸ் ஒடையும், இல்லன்னா ஃப்யூஸ் போகும். மோட்டார் சுத்த ஆரம்பிச்ச பிறகுதான் உள்ள எதிர் வோல்டேஜ் உருவாகி கரன்ட்டைக் கட்டுப்படுத்தும்.

கன்ட்ரோலர் என்ன பண்ணுதுன்னா பேட்டரியை நொடிக்கு 10,000 தடவை மாதிரி ஆன் ஆஃப் பண்ணுது. ஆன்ல இருக்குற நேரம் எவ்வளவு சதவீதமோ, அதுதான் டியூட்டி. 20 சதவீதம் டியூட்டின்னா மோட்டாருக்கு சராசரியா 29 வோல்ட் போகுது. அவ்வளவுதான் கொள்கை.

கொள்கை இவ்வளவு ஈஸின்னா அப்புறம் ஏன் எல்லாரும் கஷ்டம்னு சொல்றாங்க?

ஆன் பண்றது ஈஸி, ஆஃப் பண்றதுதான் கஷ்டம். ஓடிட்டு இருக்குற 400 ஆம்பை ஒரு மைக்ரோசெகண்டுக்குள்ள நிறுத்தணும், அதையும் நொடிக்கு பத்தாயிரம் தடவை பண்ணணும், ஏதாவது எரிஞ்சு போனாலும் வண்டியை நிறுத்த முடியணும், கீயைத் திருப்பி அணைச்ச பிறகு உள்ள இருக்குற கெப்பாசிட்டரும் காலியாகணும். கீழ வர்ற கேள்விகள்ல முக்காவாசி இந்த ஆஃபைச் சுத்தியேதான் வரும்.

உள்ள என்னென்ன இருக்கும்?

ஸ்விட்ச்சுக்கு மாஸ்ஃபெட் இல்லன்னா ஐஜிபிடி, ரெண்டும் பெரிய கரன்ட்டை வேகமா ஆன் ஆஃப் பண்ற டிரான்சிஸ்டர்தான். ஸ்விட்ச் ஆஃப் ஆகும்போது மோட்டார் கரன்ட் சுத்தி வர ஒரு ஃப்ரீவீல் டயோட். பேட்டரி பக்கம் கெப்பாசிட்டர் பேங்க். ஸ்விட்ச்சை ஓட்ட கேட் டிரைவர் (கேட்டுங்கிறது ஸ்விட்ச்சை ஆன் ஆஃப் பண்ற முனை), கரன்ட்டைப் பாக்க ஹால் சென்சார், மூளைக்கு ஒரு மைக்ரோகன்ட்ரோலர். இது போக வெளிய மெயின் கான்டாக்டர் (பேட்டரியைச் சேக்கிற, அறுக்குற பெரிய ரிலே), பிரீசார்ஜ் ரெசிஸ்டர் (கான்டாக்டரைப் போடுறதுக்கு முன்னாடி கெப்பாசிட்டரை மெதுவா நிரப்புறது), டிசிக்குன்னே ரேட்டிங் இருக்குற ஃப்யூஸ், ஹீட்சிங்க். இதுல டயோடை நெறைய பேர் சின்ன விஷயமா நெனைக்கிறாங்க, சூடு பத்தின கேள்வில அதுக்கு வரேன்.

கடைல வாங்குறதைவிட மிச்சமாகுமா?

முதல் தடவை ஆகாது. ஆஸிலோஸ்கோப், டிஃபரன்ஷியல் புரோப், வெடிச்சுப் போற மாஸ்ஃபெட் எல்லாத்தையும் கணக்குல சேத்தா ரெடிமேடே பரவாயில்ல. உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும், ரிப்பேர் வந்தா யாரையும் எதிர்பாக்காம நாமே சரி பண்ணணும்னு ஆசை இருக்குறவங்களுக்குத்தான் இந்த வேலை. அந்த ஆசை இருந்தா இதைவிட நல்லா பவர் எலெக்ட்ரானிக்ஸ் கத்துக்குற வழி எனக்குத் தெரியல.

டிசி மோட்டாரா ஏசி மோட்டாரா, எதுக்கு கன்ட்ரோலர் செய்யுறது ஈஸி?

முதல் பிராஜக்ட்டுன்னா பிரஷ் டிசிதான். ஒரே ஒரு ஸ்விட்ச், ஒரே ஒரு டயோட், கோடும் சின்னது. ஓப்பன் ரிவோல்ட்னு 144 வோல்ட் 500 ஆம்ப்புக்கு ஒரு திறந்த டிசைன் இருக்கு, அதுக்கு மூளை ஒரு சாதாரண 8 பிட் ஏடிமெகா சிப்தான், அதை வெச்சே கார் ஓட்டுனாங்க.

ஏசிக்கு ஆறு ஸ்விட்ச் வேணும், மேலயும் கீழயும் ஒரே நேரத்துல ஆன் ஆனா பேட்டரி அப்படியே ஷார்ட், அதுனால ஒவ்வொரு மாறுதலுக்கும் நடுவுல டெட் டைம் விடணும். ரோட்டார் எந்தக் கோணத்துல இருக்குன்னு என்கோடரோ ரிசால்வரோ வெச்சு தெரிஞ்சுக்கணும், அதை வெச்சு மூணு ஃபேஸ் கரன்ட்டையும் கணக்கு போடணும். முடியாததுன்னு சொல்லல, ரெண்டாவதா செய்யுங்க.

பேட்டரில 80 ஆம்ப்தான் காட்டுது, மோட்டார் வயர்ல 400 காட்டுது, என் மீட்டர் போயிடுச்சா?

மீட்டர் நல்லாதான் இருக்கு. கன்ட்ரோலர் வோல்டேஜைக் கொறச்சு கரன்ட்டை ஏத்துது. 20 சதவீதம் டியூட்டில மோட்டாருக்கு 29 வோல்ட் 400 ஆம்ப் போனா அது சுமார் 11.5 கிலோவாட், பேட்டரி பக்கம் 144 வோல்ட்டை 80 ஆம்பால பெருக்குனாலும் அதே 11.5தான். ஸ்விட்ச் ஆன்ல இருக்கும்போது பேட்டரிலருந்து 400 ஆம்ப் வருது, ஆஃப் ஆனதும் மோட்டாரோட இன்டக்டன்ஸ் (கரன்ட் மாறுறதை எதிர்க்கிற குணம்) அந்த 400 ஆம்பை நிக்க விடாம டயோட் வழியா சுத்த விடுது. மோட்டார் பக்கம் கரன்ட் நிக்கிறதே இல்ல.

அதுனால கரன்ட் சென்சாரை மோட்டார் வயர்லதான் போடணும். பேட்டரி வயர்ல போட்டு லிமிட் வெச்சா, கெளம்புற நேரத்துல மோட்டார்ல எவ்வளவு ஓடுதுன்னே தெரியாம ஸ்விட்ச்சை எரிச்சுடுவீங்க.

மாஸ்ஃபெட் போடணுமா ஐஜிபிடி போடணுமா?

பேட்டரி 150 வோல்ட்டுக்குள்ளன்னா மாஸ்ஃபெட், 200 தாண்டுனா ஐஜிபிடி. மாஸ்ஃபெட் ஒரு ரெசிஸ்டர் மாதிரி நடந்துக்கும், எத்தனை பேரலல் போடுறோமோ அந்த அளவுக்கு லாஸ் கொறையும். ஐஜிபிடில எவ்வளவு பெருசு போட்டாலும் ஒன்றரை ரெண்டு வோல்ட் விழுந்துட்டேதான் இருக்கும், 400 ஆம்புக்கு 1.7 வோல்ட்னா ஆன்ல இருக்கும்போது 680 வாட். 144 வோல்ட்ல அது பெரிய நஷ்டம், 350 வோல்ட்ல அதே பவருக்கு கரன்ட் கொறஞ்சுடுறதால பொருட்டே இல்ல.

ஒண்ணு கவனிங்க, பேட்டரியோட முழு சார்ஜ் வோல்டேஜைப் பாக்கணும். 40 எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) செல் சீரிஸ்ல வெச்சா பேரு 128 வோல்ட், ஒரு செல்லுக்கு 3.65 வரைக்கும் ஏத்துனா 146.

மாஸ்ஃபெட் 200 வோல்ட் தாங்கும்னு டேட்டாஷீட்ல இருக்கு, என் பேட்டரி 144தான், அப்புறம் ஏன் டப்புன்னு வெடிக்குது?

என்கிட்ட அதிகம் வர்ற கேள்வி இதுதான், பதிலும் கொஞ்சம் நீளம். ஓடுற தண்ணியைக் குழாயைப் பட்டுன்னு மூடி நிறுத்துனா பைப்பு டம்முன்னு அடிக்கும்ல, கரன்ட்டும் அப்படித்தான். எந்த வயருக்கும் கொஞ்சம் இன்டக்டன்ஸ் உண்டு, ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 8 லருந்து 10 நானோ ஹென்றி. கெப்பாசிட்டர் பிளஸ்ல கெளம்பி டயோட், மாஸ்ஃபெட் வழியா கெப்பாசிட்டர் மைனஸுக்குத் திரும்புற வளையத்துல மொத்தமா ஒரு சாண் வயர் அளவுக்குத்தான் சேந்திருக்குன்னு வைங்க, கெப்பாசிட்டர் காலையும் சேத்தா 200 நானோ ஹென்றி வந்துடும். 400 ஆம்பை 400 நானோசெகண்டுல ஆஃப் பண்ணா 200 வோல்ட் ஸ்பைக். அதை 144 மேல ஏத்துங்க, 344. 200 வோல்ட் மாஸ்ஃபெட் எப்படித் தாங்கும்?

மருந்து விலையுயர்ந்த மாஸ்ஃபெட் இல்ல, செம்புத் தகடு. பிளஸ்ஸுக்கு ஒரு தகடு மைனஸுக்கு ஒரு தகடு, நடுவுல மெல்லிய இன்சுலேஷன் ஷீட் மட்டும், ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிப் படுத்திருக்கணும். கெப்பாசிட்டரையும் மாஸ்ஃபெட்டையும் டயோடையும் இந்தத் தகடு மேலயே பக்கத்து பக்கத்துல உக்கார வைக்கணும். இப்படிச் செஞ்சு வளையத்தை 40 நானோ ஹென்றிக்குக் கொண்டாந்தா அதே ஸ்பைக் 40 வோல்ட்தான். அப்பவும் 184 ஆகுது, அதுனால நான் 250 வோல்ட் மாஸ்ஃபெட்தான் போடச் சொல்வேன்.

மோட்டாருக்குப் போற கேபிள் நீளமா இருந்தா பரவாயில்ல, அது இந்த வளையத்துல வராது. பேட்டரி கேபிளையும் கெப்பாசிட்டர் பாத்துக்கும். நீங்க சண்டை போட வேண்டியது அந்த உள் வளையத்தோட சில சென்டிமீட்டருக்காக மட்டும்தான்.

அப்ப மெதுவா ஆஃப் பண்ணா ஸ்பைக் கொறையும்ல?

கொறையும். கேட் ரெசிஸ்டரைப் பெருசாக்குனா ஸ்விட்சிங் நேரம் நீளும், ஸ்பைக் எறங்கும், ஆனா சூடு ஏறும். 144 வோல்ட் 400 ஆம்ப்ல ஆன் ஆகுறதுக்கு 0.2 மைக்ரோசெகண்டும் ஆஃப் ஆகுறதுக்கு 0.2 ம் எடுத்துக்கிட்டா 10 கிலோஹெர்ட்ஸ்ல சுமார் 115 வாட் லாஸ். ரெண்டையும் 0.4 ஆக்குனா 230. மேல சொன்ன செம்புத் தகடு வேலையை நல்லா பண்ணிட்டு, மிச்சம் இருக்குறதை மட்டும் கேட் ரெசிஸ்டரால சரி பண்ணுங்க. தலைகீழா ஆரம்பிச்சா முடிவே வராது.

கெப்பாசிட்டர் எத்தனை மைக்ரோ ஃபாரட் போடணும்?

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாத்திக் கேக்கணும், எத்தனை ஆம்ப் ரிப்பிள் (ஸ்விட்ச் ஆன் ஆஃப் ஆகும்போது கெப்பாசிட்டருக்கு உள்ளயும் வெளியயும் போயிட்டு வர்ற கரன்ட்) தாங்கணும்னு. டியூட்டி 50 சதவீதத்துல இருக்கும்போது கெப்பாசிட்டர் வழியா போற ரிப்பிள் கரன்ட் மோட்டார் கரன்ட்ல பாதி, அதாவது 200 ஆம்ப். ஒரு பெரிய எலெக்ட்ரோலிட்டிக் டப்பா நெறைய மைக்ரோ ஃபாரட் காட்டும், ஆனா 200 ஆம்ப் ரிப்பிள்ல கொதிச்சு உப்பிடும். ஒண்ணு ஃபிலிம் கெப்பாசிட்டர் போடுங்க, இல்லன்னா சின்னச் சின்ன லோ ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் கம்மியான) எலெக்ட்ரோலிட்டிக் நெறைய பேரலல்ல வைங்க. வோல்டேஜ் ரேட்டிங்ல கஞ்சத்தனம் வேணாம்.

மைக்ரோகன்ட்ரோலர் பின்னுலருந்து நேரா கேட்டுக்கு 5 வோல்ட் குடுத்தா ஓடுமா? த்ரெஷோல்ட் 3 வோல்ட்தான்னு போட்டிருக்கே?

ஓடாது, எரியும். த்ரெஷோல்ட்ங்கிறது மாஸ்ஃபெட் லேசா கண்ணு முழிக்கிற வோல்டேஜ், முழுசா ஆன் ஆக 10 லருந்து 15 வோல்ட் வேணும். அரைகுறையா ஆன் ஆன மாஸ்ஃபெட் ஹீட்டர்தான்.

அதோட கேட் ஒரு கெப்பாசிட்டர். ஒவ்வொண்ணுக்கும் 150 நானோ கூலம்ப்னு பத்து மாஸ்ஃபெட்டுக்கு 1.5 மைக்ரோ கூலம்ப், அதை 300 நானோசெகண்டுல நிரப்ப 5 ஆம்ப் வேணும். சராசரி வெறும் 15 மில்லிஆம்ப்தான், ஆனா அந்த ஒரு நொடிப்பொழுதுக்கு 5 ஆம்ப் குடுக்குற கேட் டிரைவர் வேணும், அதுக்குப் பக்கத்துலயே ஒரு நல்ல செராமிக் கெப்பாசிட்டரும் வேணும். சப்ளை வோல்டேஜ் எறங்குனா தானா ஆஃப் ஆகுற வசதி இருக்குற டிரைவரா பாத்து வாங்குங்க.

பத்து மாஸ்ஃபெட் பேரலல்ல போட்டிருக்கேன், எப்பவும் ஓரத்துல இருக்குற ஒண்ணு மட்டும் சாகுது, ஏன் ப்ரோ?

ஆன்ல இருக்கும்போது மாஸ்ஃபெட்டுங்க தங்களுக்குள்ள ஒழுங்கா பங்கு போட்டுக்கும், சூடான மாஸ்ஃபெட்டோட ரெசிஸ்டன்ஸ் ஏறும், கரன்ட் பக்கத்துல இருக்குறதுக்குப் போயிடும். ஆஃப் ஆகுற அந்த 200 நானோசெகண்டுலதான் இந்த நியாயம் செல்லாது. எது கடைசியா ஆஃப் ஆகுதோ, மத்தது விட்ட கரன்ட் எல்லாம் அது தலைல விழும்.

ஒவ்வொரு கேட்டுக்கும் தனித்தனி ரெசிஸ்டர் போட்டிருக்கீங்களா பாருங்க. டிரைவர்லருந்து எல்லா கேட்டுக்கும் தூரம் ஒரே மாதிரி இருக்கணும், ஒரே ரோல்ல வந்த ஒரே பேட்ச் மாஸ்ஃபெட்டா இருக்கணும், ஓரத்துல இருக்குறதுக்கும் கெப்பாசிட்டர் பக்கத்துல இருக்கணும். ஓரத்து மாஸ்ஃபெட் சாகுதுன்னா பெரும்பாலும் கடைசிக் காரணம்தான், மத்ததைவிட அதோட வளையம் பெருசு.

பிரீசார்ஜ் இல்லாம கான்டாக்டரை நேரா போட்டா என்ன?

காலி கெப்பாசிட்டர் அந்த நொடில ஷார்ட் சர்க்யூட் மாதிரிதான். 1000 மைக்ரோ ஃபாரட்ல 144 வோல்ட்னா 10 ஜூல், அதே அளவு சக்தி வழில இருக்குற ரெசிஸ்டன்ஸ்லயும் வீணாகும், கான்டாக்டர் முனைல பொறி பறக்கும். ரெண்டு மூணு தடவை தாங்கும், அப்புறம் முனை ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா அடுத்த கேள்வில சொல்லப்போற ஆபத்து வரும்போது அதைத் திறக்கவே முடியாது.

1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியா சார்ஜ் பண்ணா 5 செகண்டுல ஏறக்குறைய முழுசா ஏறிடும். டைமரை நம்பாதீங்க, கெப்பாசிட்டர் வோல்டேஜை அளந்து அது பேட்டரி கிட்ட வந்த பிறகுதான் கான்டாக்டரைப் போட விடணும். அதே கெப்பாசிட்டருக்குக் குறுக்கால ஒரு பிளீடர் ரெசிஸ்டரும் (மிச்ச சார்ஜை மெதுவா வடிக்கிறது) வைங்க, அணைச்ச பிறகு 60 வோல்ட்டுக்குக் கீழ எறங்குச்சான்னு மீட்டர்ல பாக்காம யாரும் உள்ள கை வைக்கக் கூடாது.

கன்ட்ரோலர் எரிஞ்சு போனா வண்டி நின்னுடும்தானே?

நிக்காது. மாஸ்ஃபெட் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும், அதாவது ஆன்லயே மாட்டிக்கும். முழு பேட்டரியும் மோட்டார்ல, ஃபுல் த்ராட்டில், ஆக்சிலரேட்டர்லருந்து காலை எடுத்தாலும் ஒண்ணும் ஆகாது. கோடு எவ்வளவு அழகா எழுதியிருந்தாலும் இந்த எடத்துல அதுக்கு வேலையே இல்ல.

அதுனால கான்டாக்டரை அறுக்க ஓட்டுறவர் கைக்கு எட்டுற எடத்துல ஒரு சிவப்பு பட்டன் வேணும், அது மைக்ரோகன்ட்ரோலரைக் கேக்காம காயில் வயரை நேரா வெட்டணும். கான்டாக்டர் அந்த டிசி வோல்டேஜ்ல முழு கரன்ட்டையும் அறுக்குற ரேட்டிங் உள்ளதா இருக்கணும். ஏசி ரேட்டிங்கைப் பாத்து வாங்காதீங்க, டிசி ஆர்க் தானா அணையாது. சில கான்டாக்டர்ல உள்ள காந்தம் இருக்கும், அதுக்கு பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டக் கூடாது. கான்டாக்டரும் கைவிட்டா ஃப்யூஸ் இருக்கணும்.

இன்னொண்ணு, கிளட்ச் வெச்ச வண்டின்னா இதை ஓட்டுற எல்லாருக்கும் சொல்லிக் குடுங்க. பழக்கத்துல கால் முதல்ல கிளட்ச்சுக்குத்தான் போகும். சீரிஸ் மோட்டாருக்கு லோடு போயிடுச்சுன்னா வேகம் கட்டுக்கடங்காம ஏறி கம்யூட்டேட்டரே (பிரஷ் உரசுற, மோட்டாரோட சேந்து சுத்துற செம்புப் பகுதி) சிதறிடும். பட்டன் முதல்ல, பிரேக் கூடவே, கிளட்ச்சைத் தொடவே வேணாம்.

ஆக்சிலரேட்டர் பாட்டை (பெடலோட திரும்புற மாறும் ரெசிஸ்டர்) அப்படியே மைக்ரோகன்ட்ரோலரோட ஏடிசில (வோல்டேஜை எண்ணா மாத்துற பின்) மாட்டிட்டேன், நல்லாதான் ஓடுது, போதும்ல?

கிரவுண்டு வயரைக் கழட்டிப் பாருங்க. நடு முனை 5 வோல்ட்டுக்குப் போகும், கோடு அதை ஃபுல் த்ராட்டில்னு எடுத்துக்கும். வயர் அறுந்தா வண்டி பாயக் கூடாது. பாட்டோட ரெண்டு முனையிலயும் ஒரு ரெசிஸ்டர் சேத்து, சாதாரணமா 1 லருந்து 4 வோல்ட்டுக்குள்ளயே இருக்குற மாதிரி பண்ணுங்க, 0.5 க்குக் கீழயோ 4.5 க்கு மேலயோ போனா ஃபால்ட்டுன்னு டியூட்டியை சைபராக்குங்க. நடு வயர் அறுந்தா தானா கீழ எறங்க ஒரு புல் டவுன் ரெசிஸ்டரும் வேணும். கீயைப் போடும்போது பெடல் மிதிச்சிருந்தா கெளம்ப விடக் கூடாது.

பெடலை டியூட்டியோட நேரா கோக்காதீங்க, பெடல் கரன்ட்டைக் கேக்கணும், கரன்ட் லூப் டியூட்டியைத் தேடிக்கணும். ஓட்டுறதுக்கும் அதுதான் சுகம், ஸ்விட்ச்சுக்கும் பாதுகாப்பு. இது போக, கரன்ட் எல்லை மீறுனா கோடை எதிர்பாக்காம கேட்டை அணைக்கிற ஒரு கம்பேரேட்டர் (ரெண்டு வோல்டேஜை ஒப்பிட்டுப் பாக்குற சர்க்யூட்) தனியா இருந்தே ஆகணும்.

ஓடிட்டு இருக்கும்போது மைக்ரோகன்ட்ரோலர் தானா ரீசெட் ஆகுது, கோடுல தப்பா?

கோடை விட்டுட்டு வயரிங்கைப் பாருங்க. கேட் வயரையும் அதோட ரிட்டர்னையும் முறுக்கி விட்டிருக்கீங்களா, கேட் டிரைவரோட கிரவுண்டு மாஸ்ஃபெட்டோட சோர்ஸ் முனைல (கரன்ட் வெளிய போற கால்) நேரா சேருதா, இல்ல 400 ஆம்ப் போற தகடு வழியா சுத்தி வருதா. டிராக்ஷன் பேட்டரிக்கும் (மோட்டாரை ஓட்டுற 144 வோல்ட் பேட்டரி) காரோட 12 வோல்ட்டுக்கும் நடுவுல எங்கயும் நேரடித் தொடர்பு இருக்கக் கூடாது, சிக்னலுக்கு ஆப்டோகப்ளர் (வெளிச்சம் வழியா சிக்னலைக் கடத்துறது), சப்ளைக்கு ஐசொலேட்டட் கன்வெர்ட்டர். பாடில டிராக்ஷன் மைனஸைக் கட்டுறதுங்கிறது பழைய 12 வோல்ட் பழக்கம், இங்க அது ஆள் உயிருக்கு ஆபத்து. வாட்ச்டாக் (கோடு உறைஞ்சா மைக்ரோகன்ட்ரோலரை ரீசெட் பண்ற டைமர்) போட்டு வைங்க, ஆனா அதை மருந்துன்னு நெனைச்சுடாதீங்க.

எது அதிகமா சூடாகும், எவ்வளவு பெரிய ஹீட்சிங்க் வேணும்?

ஏத்தத்துல மெதுவா கெளம்பும்போது டயோட். 20 சதவீதம் டியூட்டின்னா மீதி 80 சதவீதம் நேரம் 400 ஆம்பும் டயோடுலதான் ஓடுது, 1 வோல்ட் விழுந்தாலே 320 வாட். அதே நேரத்துல மாஸ்ஃபெட்டுங்க அந்த 20 சதவீதம் நேரம்தான் வேலை செய்யுது. வேகம் ஏற ஏற இது தலைகீழா மாறும். பத்து மாஸ்ஃபெட், ஒவ்வொண்ணும் 10 மில்லி ஓம், ஆளுக்கு 40 ஆம்ப்னா முழு டியூட்டில மொத்தம் 160 வாட், சூடானா ரெசிஸ்டன்ஸ் ரெட்டிப்பாகி 320 க்கு வரும், மேல சொன்ன ஸ்விட்சிங் லாஸ் தனி. மொத்தமா அரை கிலோவாட்டுக்கு மேல வெளியேத்துற மாதிரி தடிமனான அலுமினியமும் ஃபேனும் போடுங்க, சூட்டை அளக்குற தெர்மிஸ்டரை மாஸ்ஃபெட் பக்கத்துலயும் டயோட் பக்கத்துலயும் வைங்க. சூடு ஏறுனா பட்டுன்னு அணைக்காம கரன்ட் லிமிட்டைப் படிப்படியா கொறைங்க, நடு ரோட்டுல வண்டி திடீர்னு செத்துப் போறதும் ஆபத்துதான்.

முதல் தடவை எப்படி டெஸ்ட் பண்றது?

பவர் சைடுல சப்ளையே இல்லாம கேட் சிக்னலை மட்டும் ஸ்கோப்ல பாருங்க. அப்புறம் கரன்ட் லிமிட் இருக்குற பெஞ்ச் சப்ளைல 24 வோல்ட் குடுத்து பல்பு. அது சரின்னா ஒரு பெரிய காயிலோ, சுத்தாம கட்டிப் போட்ட மோட்டாரோ. மோட்டாரைக் கட்டிப் போட்டா சில செகண்டுக்கு மேல விடாதீங்க, பிரஷ் நிக்கிற எடத்துல கம்யூட்டேட்டர் கருகும்.

இந்தக் கட்டத்துல மாஸ்ஃபெட்டோட ட்ரெயின் முனைல (கரன்ட் உள்ள வர்ற கால்) ஸ்பைக்கை அளங்க. 50 ஆம்ப்ல 20 வோல்ட் ஸ்பைக்னா 400 ஆம்ப்ல ஏறக்குறைய 160 வரும்னு அப்பவே தெரிஞ்சுடும், எதையும் வெடிக்க விடாம செம்புத் தகட்டுக்குத் திரும்பிடலாம். ஸ்கோப்போட கிரவுண்டு கிளிப் எர்த்ல இருக்கு, அதை டிராக்ஷன் பக்கம் கண்ட எடத்துல மாட்டாதீங்க, டிஃபரன்ஷியல் புரோப் இதுக்குத்தான். சீரிஸ் மோட்டாரை லோடு இல்லாம சுத்திப் பாக்கணும்னா 12 வோல்ட்டோட நிறுத்திக்கோங்க, காரணம் கிளட்ச் கதைல சொன்னதுதான்.

சீரிஸ் மோட்டார்ல ரீஜென் (பிரேக் பண்ணும்போது பேட்டரியைத் திரும்ப சார்ஜ் பண்றது) வருமா?

செய்ய முடியும், நான் பரிந்துரைக்க மாட்டேன். பிரஷ்ஷை முன்னோக்கி ஓடுறதுக்குத் தோதா கொஞ்சம் திருப்பி வெச்சிருப்பாங்க, ரீஜென்ல கரன்ட் திரும்பும்போது பிரஷ்ல பொறி பறக்கும். ரீஜென் வேணும்னா ஏசிக்குப் போங்க.

பழைய எலெக்ட்ரிக் காரோட இன்வெர்ட்டரை (ஏசி மோட்டாரோட கன்ட்ரோலர்) எடுத்து மூளையை மட்டும் மாத்துனா அது ஹோம்மேட் ஆகுமா?

தாராளமா. நிசான் லீஃப் இன்வெர்ட்டர் மாதிரி ஒண்ணு கெடச்சா செம்புத் தகடு, கெப்பாசிட்டர், கூலிங்னு நாம மேல அழுத வேலை எல்லாத்தையும் ஃபேக்டரிலயே பிரமாதமா முடிச்சிருப்பாங்க. கன்ட்ரோல் போர்டை மட்டும் மாத்த ஓப்பன் இன்வெர்ட்டர்னு ஒரு திறந்த பிராஜக்ட் இருக்கு. ஏசிக்கு இதைத்தான் முதல் வழின்னு சொல்வேன்.

அதுலயும் ஏதாவது பிரச்சனைன்னா சிவப்பு பட்டனை அமுக்கிட்டா போதும்தானே?

காந்தம் வெச்ச மோட்டார்னா வேகத்துல போகும்போது போதாது. டிசி சீரிஸ்ல கான்டாக்டரைத் திறந்தா கதை முடிஞ்சது, ஆனா காந்த மோட்டார் சக்கரம் சுத்துற வரைக்கும் தானே வோல்டேஜ் உருவாக்கும். ஃபீல்ட் வீக்கனிங்ல (இன்னும் வேகம் எடுக்க மோட்டாரோட காந்தப்புலத்தை வேணும்னே கொறைக்கிறது) அதிவேகத்துல போயிட்டு இருக்கும்போது அந்த வோல்டேஜ் பேட்டரியைவிட மேல இருக்கலாம். அப்ப கேட்டை அணைச்சாலும் டயோடுங்க வழியா கரன்ட் பேட்டரிக்குப் பாயும், அந்த நேரத்துல கான்டாக்டரும் திறந்துட்டா பேட்டரிக்குப் போக வழியில்லாம மொத்தமும் கெப்பாசிட்டர்ல ஏறி இன்வெர்ட்டரையே முடிச்சுடும்.

அதுனால இந்த வகைல வேகத்துல ஃபால்ட் வந்தா கீழ் ஸ்விட்ச் மூணையும் ஆன் பண்ணி மோட்டாரை அதோட சுருளுக்குள்ளயே ஷார்ட் பண்ணுவாங்க, வேகம் எறங்குன பிறகுதான் கான்டாக்டரைத் திறப்பாங்க. உங்க மோட்டாரோட அதிகபட்ச ஆர்பிஎம்ல எதிர் வோல்டேஜ் எவ்வளவுன்னு முதல்ல கணக்கு போடுங்க, அது கெப்பாசிட்டர் ரேட்டிங்குக்குள்ள அடங்கலன்னா அந்த ஆர்பிஎம்முக்கு வண்டியைப் போக விடாதீங்க.